சவரிமுத்துவின் வலியும் மூன்று டீயும்

துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்ட சவரிமுத்துவுக்கு, கம்பெனி தரும் இழப்பீட்டை வாங்கிக்கொள்வதா, இன்னும் கேட்பதா என்று ஒரே குழப்பம். அந்த வலியை வீட்டில் ஒருவர் அனுபவித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் இழப்பீட்டுப் பத்திரம் செல்லும் என்பது சட்டம். அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆறு மாதமாக அவர் போட்ட கூப்பாட்டில் பாதி நடிப்பு என்று தெருவே பேசியது. உண்மையில் கால்வாசிதான்.

கம்பெனி அதிகாரி அவர் வலியை ஒரு பட்டையில் ஏற்றி, மனைவி ரெஜினாளின் இடுப்பில் கட்டினார். அவள் அலறுவாள், ‘இந்தப் பணம் பத்தாது’ என்பாள் என்று சவரிமுத்து காத்திருந்தார்.

ரெஜினாள் அடுப்படிக்குப் போய் மூன்று டீயோடு வந்தாள்.

“சார், வலி எப்ப ஆரம்பிக்கும்?”

பட்டை பழுதென்று நினைத்த அதிகாரி, அதைத் தன் இடுப்பில் கட்டிப் பார்த்து, “ஐயோ அம்மா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுவா? இது எனக்குத் தெனமும் இருக்கதுதான” என்றபடி ரெஜினாள் பட்டையைக் கழற்றினாள்.

சவரிமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினார்.

“சார், பணத்தைக் கொறைச்சாலும் சரி. இவளுக்கும் வைத்தியம்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

“அவங்க எங்க கம்பெனி மூட்டையைத் தூக்கலையே?” என்று தரையிலிருந்தே முனகினார் அதிகாரி.

“ஆறு மாசமா இதத்தான சார் தூக்குதா” என்று சவரிமுத்து தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

அதற்குள் ரெஜினாள் குனிந்து அதிகாரியையும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.