வத்தி வைத்த கண்டக்டர்

"அடுத்தவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு எப்படி டீ குடிக்கறான் பாரு, வெக்கங்கெட்டவன்!"

லுங்கி வியாபாரி சின்னசாமி சத்தமாகவே சொன்னார். திருத்தணி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கண்டக்டர் ஜெபதாஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். பள்ளிப்பட்டு பஸ்ஸின் டிரைவர் வேதாசலத்தை முதலாளி வண்டியை விட்டு இறக்கிவிட்டார்.

வேதாசலம் தங்கமான மனுஷர். ஆனால் உடம்பு பீப்பாய். தொந்திக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு துண்டுகூட நுழையாது. படுத்தால் தெருவுக்கே கேட்கும் குறட்டை. இருந்தும் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்கும். ஜெபதாஸ்தான் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அவன் பஸ்ஸின் பின்பக்கம் மாட்டிக்கொண்டான். பொதட்டூர்பேட்டை தாண்டி, வண்டி ஏரிக்கரையில் இறங்கப் பார்த்தது. யாரோ அலறியதில் வேதாசலம் விழித்துக்கொண்டார். அத்தனை பேரும் மயிரிழையில் பிழைத்தார்கள்.

அன்றைக்கு அலறியவர்கள்தான் இன்றைக்கு டீக்கடையில் வேதாசலத்துக்காக உருகிக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் சீட்டு மேல இவனுக்குக் கண்ணுய்யா" என்றார் சின்னசாமி.

அந்த நேரம் பார்த்து வேதாசலமே மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"டேய், முதலாளிகிட்ட வத்தி வெச்சது நீதானே?"

"ஆங். நான்தாண்ணே."

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"கூடப் பொறந்த தம்பி மாதிரி வெச்சிருந்தேனேடா! தூ!"

எச்சில் ஜெபதாஸின் காலடியில் விழுந்தது. அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு, விசிலை ஊதிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டான்.

"திமிரைப் பாத்தியா!" என்றது டீக்கடை.

முதலாளி வேதாசலத்தை மெட்ராஸுக்கு அனுப்பினார். டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்:

"தூக்கத்துல உனக்கு மூச்சு நின்னு நின்னு வருதுப்பா. கழுத்துச் சதை தொண்டையை அடைக்குது. ராத்திரி பூரா நீ சரியா தூங்கறதே இல்ல. அதான் பகல்ல கண்ணு சொக்குது. உடம்பைக் குறை. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே."

"குறட்டை விடறது ஒரு வியாதியாம்! எங்கப்பனுந்தான் விட்டான்" என்று வேதாசலம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஷெட்டில் டயர் பார்க்கும் வேலைக்குப் போனபோது மட்டும் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் மனைவி பூவம்மாள் பிரியாணியை நிறுத்தினாள். சாயந்திர போண்டாவை நிறுத்தினாள். தட்டில் சின்னதாக ஒரு கேழ்வரகுக் களி உருண்டை, நிறையக் கீரை, ஒரு சொம்பு நீர்மோர்.

"இதை மனுஷன் துன்னுவானா?"

"அந்த ஜெபதாஸை நெனச்சுக்கினு துன்னுங்க. அவன் மூஞ்சியில கரியைப் பூசணும்னா உடம்பு எறங்கணும்."

அந்தப் பேச்சு வேலை செய்தது. விடிந்தால் வேதாசலம் மலைப்படி ஏற ஆரம்பித்தார். படிக்கு ஒரு வசவு. பக்கத்தில் ஏறியவர்கள் "முருகா, முருகா" என்றார்கள். இவர் வாயிலிருந்து வந்த ஒரே பெயர் ஜெபதாஸ்தான்.

பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான். இத்தனை காலம் பயந்துகொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்துவந்த சின்னசாமி இப்போது முன் சீட்டுக்கு முண்டியடித்தார். அங்கே சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, "ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவி" என்று ஜெபதாஸின் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே வந்தார்.

தை பிறப்பதற்குள் வேதாசலத்தின் காக்கிச் சட்டை தொளதொளத்தது. குறட்டை அடங்கியது. பகலில் உட்கார்ந்தால் சாயாமல் உட்கார்ந்தார். டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, "இனி ஓட்டலாம்" என்றார்.

முதலாளி சாவியை நீட்டினார். வேதாசலம் வாங்கவில்லை.

"ஒரே கண்டிஷன் முதலாளி. அந்த ஆளு என் வண்டியில ஏறக்கூடாது."

ஜெபதாஸை, யாரும் போக விரும்பாத அம்மையார்குப்பம் ஓட்டை பஸ்ஸுக்கு மாற்றினார்கள்.

"நல்லா வேணும்!" என்று டீக்கடை கைகொட்டியது.

அடுத்த வாரம் அந்த ஓட்டை பஸ்ஸில் பூவம்மாள் ஏறினாள். அம்மையார்குப்பத்தில் கூட்டம் இறங்கும் வரை காத்திருந்து, ஜெபதாஸிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னால முடியல தம்பி. ஊரே உன்னைக் காறித் துப்புது. நானும் அவரோட சேர்ந்துக்கினு உன்னைத் திட்டறேன். முதலாளி வூட்டுக்குப் போயி, 'எம் புருஷன் கையில வண்டியைக் குடுக்காதீங்க, அவரும் சாவாரு, ஏறினவங்களும் சாவாங்க'ன்னு அழுதவ நானு. கலெக்ஷன் பணம் கட்ட அங்க வந்த நீ, 'அண்ணி பேரு வேணாம், நான் சொன்னதா இருக்கட்டும்'னுட்ட. போதும்ப்பா. இன்னிக்கே அவருகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம் அண்ணி."

"ஏம்ப்பா?"

"என்மேல கோவம்னா அண்ணன் வேற கண்டக்டரை வெச்சுக்குவாரு. உங்கமேல கோவம் வந்துட்டா, நாளைக்கு அந்தக் களியை யார் கையால வாங்கித் துன்னுவாரு?"