மூன்றாம் பொத்தான்

"உங்க வீட்டு மூணாம் நம்பருக்குத் தூக்கமே கிடையாதாம்மா?"

சிரித்துக்கொண்டேதான் பெட்டிக்காரர் உள்ளே வந்தார். அந்த வீட்டுக்காரி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பகல் பதினொரு மணிக்கு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் அவரே கொண்டுவந்து வைத்த சின்னப் பெட்டி. எந்த வீட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பெட்டி.

வீட்டில் ஆளுக்கொரு பொத்தான். ஒன்று அப்பா, இரண்டு அம்மா, மூன்று பிள்ளை. டிவி முன் உட்கார்ந்தால் அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து போனால் மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும்.

ஒரே அறை, ஃபிரிட்ஜ் கிடையாது, வீட்டுக்காரர் எட்டாம் வகுப்பு. அதற்காகவேதான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே ஒருவர் பார்த்தால் இதே மாதிரி வீடுகளில் இருபதாயிரம் பேர் பார்த்ததாகக் கணக்கு. வேறு எந்தக் கணக்கிலும் இவர்களுக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

இப்போது ஒன்பது நாளாக மூன்றாம் எண் எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி பகல் ஒரே சேனல்.

சேனல்காரர்கள் சத்தமில்லாமல் வந்து கையில் எதையாவது திணித்து, டிவியை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது உண்டு. பதினொரு வருஷ அனுபவத்தில் அந்த வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்படிப்பட்ட வீட்டை அலுவலகத்தில் கணக்கிலிருந்தே அடித்துவிடுவார்கள்.

இந்த முறை அடிக்காமல், அலுவலகத்தில் காரே கொடுத்து அனுப்பினார்கள். 'பெட்டியில் பழுதில்லை, பொத்தானை அழுத்தியது வீட்டார்தான்' என்று கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பெட்டியைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. நீட்டிய தாளில் காட்டிய இடத்தில் அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"பையன் எங்கம்மா?"

"ஆலைக்குப் போனான் தம்பி. ஒன்பது நாளாச்சு."

பேனாவை மூடப்போன கை அப்படியே நின்றது.

ஒன்பது நாளைக்கு முன் ஆலையில் பாய்லர் வெடித்தது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டது. 'உயிர்ச்சேதம் இல்லை' என்று செய்தியில் ஒரு வரி ஓடியது. மறுநாள் அந்த வரியும் இல்லை. ஆலையும் அந்த வரியை ஓட்டிய சேனலும் ஒரே முதலாளியுடையவை. இந்த அறையில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதும் அதே சேனல்தான்.

"ஆலையில கேட்டா, அன்னிக்கு அவன் வேலைக்கே வரலையாம். எங்கயோ ஓடிட்டானாம். வருகைப் பதிவு நோட்டும் எரிஞ்சு போச்சாம். ஓடிப்போறவன் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டா போவான், நீங்களே சொல்லுங்க?"

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னிக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு அவன் அழுத்தினத என் கண்ணால பாத்தேன். அவன் ஓடலை, வேலைக்குத்தான் கெளம்பினான்னு அது சொல்லும்ல? அவங்கப்பா முந்தாநாளே ஆலை கேட்டுல நின்னு சொல்லிட்டாரு, எங்க வீட்டுப் பெட்டி சாட்சி சொல்லும்னு. அழிஞ்சிடக் கூடாதுன்னு டிவி மேலயும் பெட்டி மேலயும் நான் யார் கையும் பட விடல."

பெட்டிக்காரர் பையிலிருந்து அலுவலகம் கொடுத்த கணக்குத் தாளை எடுத்தார்.

மூன்றாம் எண், காலை 5.45. அவள் சொன்னது சரிதான்.

அங்கிருந்து ஒரு கோடு கிளம்பியது. ஆறு, ஏழு, எட்டு. எங்கேயும் அறுபடவில்லை. பாய்லர் வெடித்தது ஒன்பதரை மணிக்கு. அந்த இடத்திலும் கோடு நேராகத்தான் போயிற்று.

ஒன்பதரை மணிக்கு மூன்றாம் எண் ஆலையில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறது தாள். பெட்டியில் பழுதில்லை என்று பெற்றவளே கையெழுத்தும் போட்டுவிட்டாள். கார் எதற்கு வந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் போனப்புறம் ஏம்மா அணைக்கல?"

"அவன் என்னிக்குத் தம்பி அணைச்சான்? செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, 'அம்மா, என் நம்பர அணைச்சிடு'ம்பான். தினமும் நான்தான் அணைப்பேன். அன்னிக்கு அடுப்புல வேலையா இருந்தேன். எரிச்சல்ல, 'நான் என்ன உனக்கு வேலைக்காரியா? நீயே வந்து அணைச்சுக்கோடா'ன்னு கத்திட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"'சரிம்மா, வந்து அணைக்கிறேன்'னு சிரிச்சுக்கிட்டே ஓடினான்."

பெட்டியில் மூன்று என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை. கிழித்துப் போட ஒரு நொடி போதும். அவருக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டிலும் மூன்று பேர் இருந்தார்கள். தெருமுனையில் கார் ஹாரன் அடித்தது.

"இந்தத் தாள் எங்க பக்கம் பேசும்ல தம்பி?"

"பேசும்மா" என்றார் பெட்டிக்காரர்.

கையெழுத்துப் போட்ட தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.