கைப்பிடிச் சாப்பாடு

"மத்தியானம் அரை முட்டை, நாலு துண்டு வெள்ளரிக்காய். ராத்திரி ஒரு கைப்பிடி சோறு. சாட்சி, கணவர் ஓபிரி."

நோட்டை வாசித்து முடித்த டாக்டர் போவாடு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக செர்வாவைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா இவ்வளவுதான் சாப்பிட்டீங்களாம்மா?"

"இவ்வளவுதான் டாக்டர். எனக்குக் காத்து பட்டாலே உடம்பு ஏறுது."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டர்தான் செர்வாவின் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கினார். நாற்பது கிலோ இறங்கியது. குமாசி நகரத்தில் பாதிப் பேர் அவளை வழியில் நிறுத்தி விசாரித்தார்கள். அப்புறம் போன கிலோவெல்லாம், கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. இப்போது இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறாள்.

டாக்டர் ஓபிரி பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"இவ சாப்பிடற அளவுதான் டாக்டர். அதே கைப்பிடி."

ஓபிரியின் சட்டையில் நாலாவது பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. டாக்டர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்கும் காத்துதானா?"

ஓபிரி இருமினார்.

"ரெண்டாவது ஆபரேஷன் முதல் தடவை மாதிரி இல்லம்மா. உள்ள தழும்பு ஒட்டிக் கிடக்கும், ஆபத்து ஜாஸ்தி. தேவைன்னா பண்ணலாம், பலருக்குப் பண்ணியிருக்கேன். ஆனா எடை ஏன் ஏறுச்சுன்னு தெரியணுமே. வெள்ளிக்கிழமை வந்து முடிவா சொல்லுங்க."

காரில் ஏறியதும் ஓபிரி ஆரம்பித்தார்.

"வேணாம் செர்வா. நீ இப்படியே நல்லாத்தான் இருக்க."

"சும்மா இருங்க. செத்தா போயிடுவேன்?"

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓபிரிக்கு ஒரு ரகசியம் இருந்தது. தினமும் மோட்டார் பட்டறையைப் பூட்டிவிட்டு ஐந்தரை மணிக்கு கொனாடு அக்கா கடைக்குப் போவார். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து இடித்த ஃபூஃபூவை, தேங்காய் அளவு உருண்டையாக, ஆட்டுக்கறி சூப்பில் தோய்த்துத் தோய்த்து விழுங்குவார். சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவுவார். பிறகு வீட்டுக்கு வந்து, மனைவியோடு உட்கார்ந்து ஒரு கைப்பிடி சோற்றை அரைமணி நேரம் மெல்லுவார்.

கொனாடு அக்கா கேட்காமலே இரண்டு துண்டு கறி கூடப் போடுவாள். மனுஷன் வயிறு வெடித்தாலும் இவளுக்குக் கடை ஓடினால் சரி என்று ஓபிரி நினைத்துக்கொள்வார், தின்றபடியே.

வியாழக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, இன்னிக்குச் சாயங்காலம் வராதீங்க. மத்தியானம் ஒரு மணிக்கே வந்துடுங்க."

அதுவும் சரிதான் என்று பட்டது ஓபிரிக்கு. நாளைக்குப் பெண்டாட்டி கத்திக்குத் தேதி வாங்கப் போகிறாள். இனிமேலும் ஒளிந்து தின்பது நியாயமில்லை. இதுதான் கடைசிக் கிண்ணம்.

முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போது மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, இன்னொரு உருண்டை. சூப்பக் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க."

இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுவரும் குரல். ஓபிரி எழுந்து எட்டிப் பார்த்தார்.

செர்வாவின் முழங்கை வரை சூப் வழிந்துகொண்டிருந்தது.

"நீ இங்க என்ன பண்ற? பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தப் போறேன்னு சொன்ன?"

"நீங்க இங்க என்ன பண்றீங்க? வாயத் துடைங்க முதல்ல!"

இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"நீ ஒரு கைப்பிடி சாப்பிடற வீட்டுல, உன் முன்னாடி நான் எப்படி வளைச்சுக் கட்டுவேன்?" என்றார் ஓபிரி. "உனக்கு ஆசை வந்துடும்னுதான் இங்க வந்தேன்."

செர்வா அழ ஆரம்பித்தாள்.

"முதல் வருஷம் நிஜமாவே ஒரு கைப்பிடிதாங்க இறங்குச்சு. அப்புறம் பசிக்க ஆரம்பிச்சுது. நீங்க எனக்காக வயித்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உங்ககிட்ட எப்படி இன்னும் கொஞ்சம் வேணும்னு சொல்லுவேன்? இன்னொரு ஆபரேஷன் பண்ணிட்டா, நான் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாயிடும்னு பாத்தேன்."

"பொய்ய நிஜமாக்க வயித்தக் கிழிச்சுக்குவியாடி?"

செர்வா சுத்தமாக இருந்த இடது கையால் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், அந்த நோட்டுல எழுதினது எல்லாம் என் கற்பனை."

"தெரியும்மா. நல்லா எழுதியிருந்தீங்க."

"சாட்சியும் பொய் டாக்டர்!" என்று ஓபிரி பக்கத்திலிருந்து கத்தினார்.

"ரொம்ப சந்தோஷம். இன்னும் ஆறு மாசம் ரெண்டு பேரும் ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் உக்காந்து, பசிக்கு ஒழுங்கா சாப்பிடுங்க. என்ன சாப்பிடறதுன்னு நான் எழுதித் தர்றேன். அப்பவும் தேவைப்பட்டா ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

போனை வைத்ததும் ஓபிரியின் கோபம் கடைக்காரி மேல் திரும்பியது.

"இத்தனை நாளா ரெண்டு பேரும் இங்கதான் திங்கறோம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னீங்களா அக்கா? வியாபாரம் போயிடும்னுதானே?"

கொனாடு அக்கா கிண்ணங்களை அடுக்கியபடியே சொன்னாள்:

"யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட சத்தியம் வாங்கினீங்களே தம்பி! அதான் உங்களுக்கு ஒரு நேரம், இவளுக்கு ஒரு நேரம்னு ஓட்டினேன். நேத்து இவ வந்து மறுபடியும் ஆபரேஷன்னு சொன்னா. சத்தியத்தையும் மீற முடியாது, சும்மாவும் இருக்க முடியல. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் சொல்லிட்டேன்."