கடித்தது எந்த ஈ?

தன் மூன்று மாடுகளும் உடம்பெல்லாம் கொப்புளமாகப் படுத்துக் கிடக்க, அண்ணன்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

“உன் மாட்டுக்குக் காய்ச்சல்னதும் ஓடி வந்து ஊசி போட்டவன்டா நான்! கையோட என் மாடுங்களுக்கும் போட்டேன். நன்றி கெட்டவனே, உன் கொட்டகை ஈயை ஏவி என் குடியைக் கெடுத்துட்டியேடா!”



ரத்தம் எடுத்துப் போயிருந்த மாட்டு டாக்டரம்மா வந்து இறங்கினார்.

“ரெண்டு வீட்டு மாட்டுலயும் ஒரே வைரஸ்தான்.”

“கேட்டியாடா?” என்று எகிறினார் அண்ணன்காரர்.

“இருங்கய்யா. இந்த வைரஸோட மரபணு மாறிப்போச்சு. முன்ன மாதிரி ஈயோட வாயில இது தங்குறதில்ல. கடிக்க விட்டே பார்த்துட்டோம், பரவல.”

“அப்புறம் வேலியை எப்படித் தாண்டுச்சாம்? ஏறிக் குதிச்சுதா?”

“அந்த மாட்டைக் குத்தின ஏதோ ஒண்ணு, அதே ரத்தத்தோட உங்க மாட்டையும் குத்தியிருக்கு.”

தம்பி இப்போதுதான் வாயைத் திறந்தான்.

“நாலு மாட்டுக்கும் ஒரே ஊசிதானேண்ணே?”

அண்ணன்காரரின் கை தானாக, ஊசி கிடந்த சட்டைப்பைக்குள் போனது.

“பார்த்துண்ணே, கடிச்சுடப் போகுது!”