எரியாத விளக்கு

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் சூடு தரும் விளக்கு அணைந்து கிடந்ததைக் கண்டதும் சகாயசெல்வி வாசலுக்கு ஓடினாள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து வடமதுரையில் அவர்கள் வளர்த்த கோழியெல்லாம் செத்தபின், மிஞ்சியவை இந்த முட்டைகள்தான்.

"ஏங்க, ஓடி வாங்க! காலையிலருந்தே விளக்கு எரியல போல!"

அவள் கணவன் ஞானராஜ் பல்பை மாற்றிப் பார்த்தான். அப்போதும் எரியவில்லை.

"தெர்மோஸ்டாட் போச்சு செல்வி. சூடு குறைஞ்சா அதுதானே விளக்கைப் போடணும்? உள்ள அம்புட்டும் விறைச்சுப் போயிருக்கும்" என்று தலையில் கைவைத்தான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூடியைச் சற்றே திறந்து தெர்மோஸ்டாட்டின் மேல் விசிறியால் வீசி அதைக் குளிரவைத்தாள். 'டிக்'கென்று விளக்கு எரிந்தது. மூடியதும், சற்று நேரத்தில் தானே அணைந்தது.

"தெர்மோஸ்டாட் நல்லாத்தான் இருக்குங்க. உள்ள சூடு இருக்கு."

"விளக்கு எரியாம சூடு எப்படி..." ஞானராஜ் சட்டெனப் பெட்டிப் பக்கம் திரும்பினான். "ஐயோ, உள்ள வயர் தீயுது போல! தள்ளிப் போ!"

பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். வாளி நிறைய மண்ணோடு ஓடிவந்து மூடியைத் தூக்கினான். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

சகாயசெல்வி பயந்து பயந்து ஒரு முட்டையைத் தொட்டாள். கதகதவென்றிருந்தது. கைக்குள்ளேயே அது லேசாகப் புரண்டது. உள்ளிருந்து 'கீச்' என்று ஒரு குரல்.

"மண்ணைக் கீழ வைங்க" என்றாள், அழுதுகொண்டே. "சூடு இந்தக் குஞ்சுக உடம்புலருந்துதாங்க வருது."