தொண்டை சரியாகும் வரை

"இந்த வீட்டுலயும் வாயைத் திறந்தீங்கன்னா, அப்புறம் என்னைக் கூப்பிடவே கூப்பிடாதீங்கம்மா."

வாசல் படியில் நின்றபடி புரோக்கர் அடிக்குரலில் எச்சரித்தார்.

"போன வீட்டுல நான் என்ன தப்பாப் பேசிட்டேஏன்?" என்றாள் தையல்காரி.

"தோ, இந்த இழுவைதான்! வணக்கம் சொன்ன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. 'உள்ள வரலாமாஆ'ன்னீங்க பாருங்க, அந்தம்மா முகம் அப்பவே மாறிடுச்சு. அக்கரை ஆளுங்கன்னு கண்டுபிடிக்க இங்க யாரும் சர்டிபிகேட் கேக்கறதில்ல. ஒரு வரி முழுசாப் பேசினாப் போதும்."

இது ஒன்பதாவது வீடு. முந்தைய எட்டிலும் 'சொந்தக்காரங்க வர்றாங்க', 'வெள்ளையடிக்கணும்' என்று மிக மரியாதையாகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். இப்போதிருக்கும் அறையை நாளை மதியத்துக்குள் காலி செய்தாக வேண்டும். இன்றைக்கு வீடு அமையாவிட்டால் நாலு வயது மகளும் தையல் மெஷினும் தெருவில்தான். மகளைப் பக்கத்து அறைக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த வாயை யாரால் கட்ட முடியும்?

கூட வந்திருந்த கணவன் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். சின்ன வயதிலேயே ஆற்றைத் தாண்டி வந்து ஹாஸ்டலில் சேர்ந்து, அடி வாங்கி வாங்கி இழுவையைத் தொலைத்தவன். அவனால் ஆபத்தில்லை.

"தொண்டையில ஆபரேஷன், டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாருன்னு நான் சொல்லிக்கறேன். இந்தத் துணியைக் கழுத்துல நல்லா சுத்திக்குங்க," என்று புரோக்கர் ஒரு துணியை நீட்டினார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. குடியிருக்கத்தானே இடம் கேட்கிறோம், திருடவா வந்திருக்கிறோம்? ஆனால் ஆத்திரப்பட்டால் நாளைக்கு மகள் எங்கே படுப்பாள்? துணியைக் கழுத்தில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். புரோக்கர் மணியை அழுத்தினார்.

வீட்டுக்காரர் கலகலப்பான மனிதர். உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார், தொண்டை ஆபரேஷனுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மாடி போர்ஷன், நல்ல காத்து வரும். ஒரே ஒரு விஷயம். அக்கரை ஆளுங்களா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, அக்கம்பக்கம் ஒத்துக்காது."

"சேச்சே! நான் அப்படிப்பட்டவங்களைக் கூட்டிட்டு வருவேனா சார்?" என்றார் புரோக்கர். ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு சிரிப்பில்லை. தையல்காரியின் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளைத் தப்பா நினைக்காதீங்க," என்று சிரித்தார் வீட்டுக்காரர். "கல்யாணமான நாள்லேருந்து 'சரி', 'ம்', 'வேண்டாம்', அவ்வளவுதான். அந்த அடக்கம் பிடிச்சுத்தான் கட்டினேன். ஆனா ஆளை எடை போடறதுல கெட்டிக்காரி. இவ சரின்னா எனக்கும் சரி." பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பி, "ஆமா, மொத்தம் எத்தனை பேரும்மா இருப்பீங்க?" என்றார்.

வாய் திறக்கக் கூடாதே! அவசரமாகக் கையைக் காட்டினாள்.

"ரெண்டு பேரா? குழந்தை இருக்குன்னு புரோக்கர் சொன்னாரே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே நீட்டிய விரலை எண்ணுவார்கள். அக்கரையில் மடக்கிய விரலைத்தான் எண்ணுவார்கள். கட்டை விரலில் தொடங்கி மூன்றை மடக்கியிருந்தாள். மீதி இரண்டு நின்றுகொண்டிருந்தன. வாயைக் கட்டச் சொன்ன புரோக்கர், விரலைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"மூணு சார், மூணு!" என்று பதறினான் ஃபிட்டர். "மருந்து மாத்திரை சாப்பிடறா இல்ல, அந்த மயக்கம்."

வீட்டுக்காரர் "பாவம்" என்றார். ஆனால் பின்னால் நின்றவளின் பார்வை கழுத்திலிருந்து இறங்கி விரல்களில் வந்து நின்றுவிட்டது. தையல்காரி கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது.

"வாங்க," என்றாள் வீட்டம்மா. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

ஃபிட்டரும் எழுந்தான். "நீங்க உக்காருங்க தம்பி, சமையல்கட்டை அவங்க பாத்துட்டு வரட்டும்," என்று வீட்டுக்காரர் தோளைப் பிடித்து அமர்த்தினார். புரோக்கர் கைக்குட்டையைத் தேடினார்.

மாடியில் இரண்டு அறைகள். ஜன்னல் ஓரத்தில் மெஷின் போட அளவெடுத்தது போல இடம் இருந்தது. அதைப் பார்த்ததும் தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைக்காத வீடு இவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம்.

வீட்டம்மா கதவைத் தாழிட்டாள். சமையலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் மோதித் தெறித்தது. மூடவில்லை, அது பாட்டுக்குக் கொட்டட்டும் என்று விட்டுவிட்டு நேராக அருகில் வந்தாள்.

இனி மறைத்து என்ன பயன்? காலில் விழுந்தாவது ஒரு வாரம் தங்கக் கேட்டுவிடலாம் என்று தையல்காரி குனியப் போனாள்.

வீட்டம்மா அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளங்கையில் சாவியை வைத்தாள். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"உன் தொண்டையாவது சீக்கிரம் சரியாகட்டும் தங்கச்சீஈ," என்று தண்ணீர்ச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தாள். "எனக்கு இருபத்திரண்டு வருஷமா ஆகலயேஏ!"