வாஷருக்கு உடம்பு தேறிய கதை

சட்டைப் பையில் கிடந்த ஒரு இ-சிகரெட்டின் பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் ரப்பர் வாஷர் ஒன்று குந்தியிருந்தது. தொட்டியில் ஊற்றும் திரவம் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. ஆனால் அதன் கவலையெல்லாம் தன் ஒல்லி உடம்பைப் பற்றித்தான்.

ஒருநாள் எலுமிச்சை வாசனைத் திரவம் குடிவந்தது. வந்ததும் வராததுமாக வாஷரைக் கட்டிக்கொண்டு, "என்ன அண்ணே, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? இனிமே நான் பாத்துக்கறேன்" என்றது. சொன்ன மாதிரியே, திரவத்தை உறிஞ்ச உறிஞ்ச வாஷருக்கு உடம்பு பூரிக்க ஆரம்பித்தது.

"தம்பி, அவன் சகவாசம் வேண்டாம். அவன் தொட்ட இடமெல்லாம் எனக்கு விரிசல் விடுது" என்றது தொட்டி.

"நான் தேறி வர்றதுல உனக்கு வயித்தெரிச்சல்" என்றது வாஷர்.

மறுநாள் அதன் பருத்த உடம்பு, அது உட்காரும் பள்ளத்தில் கொள்ளவில்லை. வாஷர் பிதுங்கி வெளியே தொங்கியது. அந்த இடுக்கு வழியாகத் திரவம் மொத்தமும் சட்டைப் பைக்குள் இறங்கியது.

"எங்கப்பா போறே, என்னைப் பாத்துக்கறேன்னியே?" என்றது வாஷர்.

திரவம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பையின் தையல் நூலைக் கட்டிக்கொண்டு கேட்டது: "என்ன அக்கா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"